மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளிற் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலிலேயே உள்ளது. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் அது தொண்ணூற்று மூன்றாவது. அதற்கு முன்னே வரைவின் மகளிரும் பின்னே சூதும் நிற்கின்றன. சூதினை அடுத்து மருந்து வருகின்றது. புத்தர் வகுத்த ஐந்து சீலங்களில் ஐந்தாவது மது விலக்கு. அங்ஙனமாகவும், கொல்லாமை, கள்ளாமை, வாய்மை என்பவற்றோடு ஒருங்கெண்ணத்தக்க இதனை வள்ளுவர் ஏன் அவற்றினின்றும் பிரித்துக் கொண்டுபோய் அரசும் அமைச்சும் நட்பும் பகையும் பேசுமிடத்தில் வைத்தார் என்று பண்டித வகுப்பு மாணவர் வினவுவதுண்டு. பொருளையும் புகழையும் அழிப்பதாகலின் அங்கு வைத்தார் என்பது வழக்கமான விடை. அவ்விடை தவறன்று. ஆயினும் அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களையும் அணுகிப் படிப்போர்க்கு வேறொன்றும் புலப்படும்.

929ஆம் குறள், குடித்துக் களித்தவனுக்குக் காரணங் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரின் அடியில் மூழ்கிக் கிடப்பவனைத் தீவெளிச்சங் கொண்டு தேடுவது போலும் என்கின்றது. விளக்கு நீருட் புகாது, புகுந்தால் அவியும். அறிவுரையின் தொழில் அங்கே முடிந்துவிடுகின்றது. அடுத்த குறள், குடியாத வேளையில் ஒருவன் குடித்துக் கிடக்கும் மற்றொருவனைக் காணுமிடத்து, தன் சோர்வும் இத்தகையதே என்று எண்ணிப் பாரானோ என்று வினவுகின்றது. பிறர் சொல்லால் வாராத அறிவு, தன்னையொத்த ஒருவனைக் காண்பதால் வரலாம் என்பது குறிப்பு. அதிகாரம் இவ்வினாவோடு முடிகின்றது. வள்ளுவர் விடை கூறினாரல்லர். அவ்வினாவிற்கு விடையாக அமைந்ததொன்றை அண்மையில் என் கண்ணாற் காண நேர்ந்தமையால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

யான் வசிப்பது திருகோணமலை நகரத்தைச் சார்ந்த பாலையூற்றில். பாலை என்றவுடன் ஐந்திணை படித்தோர் நீரற்ற சுரத்தை நினைப்பர். அதனோடு ஊற்று எங்ஙனம் சேர்ந்தது என்று மயங்குவர். ஈழத்தார்க்குப் பாலை என்பது வைரம் பாய்ந்த ஒரு மரம். அதன் சிறு பழம் மிக இனியது. தின்றால் உதடு ஒட்டும். லூர்து அன்னையின் திருத்தலமும் சைவக் கோயில்களும் உள்ள ஊர். துறைமுகத்திலும் அதனைச் சார்ந்த தொழில்களிலும் கூலிக்குச் செல்வோர் பலர் இங்கு வாழ்கின்றனர். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த துறைமுகம் அது. கப்பலும் கடலும் உள்ள எந்த ஊரையும் போல இங்கும் உடல் நோவுக்குச் சாராயம் மருந்து என்னும் எண்ணம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்திருக்கின்றது.

என் வீட்டுக்கு நாலு வளவு தள்ளிக் குடியிருப்பவர் ஒருவர். பெயர் வேண்டா. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர். பாரந் தூக்கும் தொழில். பேச்சில் மிகுந்த மரியாதை உடையவர். காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்த நிலைக்கு வந்துவிட்டார். பூரணை நாளில் மதுக்கடைகள் பூட்டப்படும் என்பது நாடறிந்த விதி. அதற்கு முன்னாள் மாலையில் அவர் இரண்டு போத்தல்களாக வாங்கி வைப்பார் என்று அவர் மனைவி கூறிய பொழுது, விதியின் வலிமையும் மெலிவும் ஒருங்கே விளங்கின. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டார்க்கு மதுசாரம் விற்றலைத் தடை செய்கின்றது, நல்ல சட்டமே. ஆனால் நாற்பத்தைந்து வயதினரை அது ஒன்றும் செய்யாது.

அப்பெண் என்னிடம் வந்து கேட்டது ஒன்றே. "ஐயா, நீங்கள் திருக்குறள் எல்லாம் சொல்லிக் குடுக்கிறனீங்கள். அவருக்கும் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. உங்கடை சொல்லை அவர் தட்டமாட்டார்."

தட்டமாட்டார் என்பது உண்மை. வந்து, திண்ணையில் அமர்ந்து, தலை குனிந்து, பத்துக் குறளையும் கேட்டுவிட்டு, நன்றி கூறி எழுந்து, நேரே தவறணைக்குப் போவார். 929ஆம் குறளைச் சொல்லிக் குடியை நிறுத்த முயல்வதிலும் பெரிய முரண் உண்டோ? ஆகையால், "பிள்ளை, சொல்லுகிற வேலை என்னுடையதன்று, சொல்லத்தக்கவர்களைத் தேடுவோம்" என்றேன். யாரைத் தேடுவது என்பது அப்பொழுது எனக்கும் முழுமையாகத் தெரியாது.

முதலில் தேடியது மருத்துவரை. அதுவே முறை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரேநாளில் விட்டால் வலிப்பு வரலாம். இல்லாதது தோன்றும் சித்தப் பிரமை வரலாம். உயிருக்கே ஊறு நேரலாம். மன உறுதியுடையவன் அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் கிடந்து எழுவான் என்று திரைப்படங்கள் காட்டுவதை நம்பி ஒருவரும் அங்ஙனம் செய்யற்க. அரசினர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் அவரைச் சில நாள் வைத்து, நடுக்கம் அடங்க மருந்தும் உயிர்ச்சத்தும் கொடுத்தனர். செலவில்லை. இத்தகைய உதவியை எங்கே பெறுவதென அறியாதார் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கோ, அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் இலக்கத்துக்கோ தொலைபேசியில் வினவலாம். அப்பிரிவின் இளம் வைத்தியரே, "உடம்பிலிருந்து நாங்கள் இறக்கிவிட்டோம், வீட்டுக்குப் போன பிறகு இவருக்குக் கூட்டம் வேண்டும்" என்றார். கூட்டம் என்றதும் யான் மதுவிலக்கு மேடையை நினைத்தேன். அவர் கருதியது அதனையன்று.

மதுவிலக்கு மேடை நமக்குப் புதிதன்று. இலங்கையில் 1904இல் ஒரு முறையும், 1912இல் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து மறுமுறையும் பேரியக்கங்கள் எழுந்தன. நாட்டு விடுதலைக்கு உழைத்த தலைவர் பலர் அவற்றிலேதான் பேசப் பழகினர். தமிழகத்தில் இராசாசி 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971இல் தளர்த்தப்பட்டது, 2003 இறுதியிலிருந்து அரசின் நிறுவனமே சில்லறைக் கடையில் விற்கின்றது. இவற்றின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு என் கருத்தன்று. மேடையிற் பேசுவோர் குடியாதவர். கேட்போரும் பெரும்பாலும் குடியாதவர். பேசப்படும் பொருளாகிய குடிகாரன் மட்டும் அங்கே இரான். இவ்வொன்றை மட்டும் குறித்து மேலே செல்கின்றேன்.

வைத்தியர் கருதிய கூட்டம் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்றன் நகரில் 1935இல் தோன்றியது. நியூயோர்க்கில் பங்கு வாணிகஞ் செய்த பில் வில்சன் என்பவர் குடியால் அனைத்தையும் இழந்து, சில மாதங்களாகக் குடியாமலிருந்தார். ஒரு வாணிக முயற்சியின் பொருட்டு அக்றனுக்கு வந்தார், அம்முயற்சி தோற்றது. கையிற் காசில்லை, அயலூர், வார இறுதி. விடுதியின் முன்கூடத்தின் ஒரு புறத்தே மதுச்சாலையின் ஆரவாரம் கேட்கின்றது. மறுபுறத்தே தொலைபேசி இருக்கின்றது. அவர் தொலைபேசியின்பாற் சென்றார். யாரேனும் ஒரு போதகரைப் பிடித்து, 'இவ்வூரில் என்னைப்போற் குடியில் வீழ்ந்தவர் ஒருவர் வேண்டும். அவரோடு யான் பேசவேண்டும்' என்று கேட்க எண்ணினார். இங்கேதான் புதுமை. தனக்கு அறிவுரை கூறுவோரை அவர் தேடவில்லை; தன்னால் திருத்தப்படுவோரையும் தேடவில்லை. தான் அன்றிரவு குடியாதிருத்தற்குத் தன்னைப் போன்ற மற்றொருவன் தனக்குத் தேவை என்று உணர்ந்தார்.

அவ்வாறு கிடைத்தவர் பொப் சிமித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர். நடுங்கும் கையுடைய சத்திரசிகிச்சையாளர் என்றால் அவர் நிலை சொல்லாமலே விளங்கும். மே மாதம் 12ஆம் நாள், அவ்வூரார் அன்னையர் நாளாகக் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமை மாலை, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கமாட்டேன் என்று கூறிக்கொண்டு வந்தவர் ஆறு மணிநேரத்திற்கு மேல் இருந்தார். மதுவைப்பற்றி அவர் படித்த மருத்துவ நூல்கள் பல. அவரிடம் வந்து நெஞ்சுருகப் பேசினோர் பலர். தான் குடித்த கதையைத் தன் வாயாற் கூறியவர் பில் ஒருவரே. அதன்பின்னும் பொப் ஒருமுறை வெளியூர் சென்று குடித்து விழுந்தார். திரும்பி வந்து, சூன் 10ஆம் நாள் கடைசியாகக் குடித்தார். அந்நாளையே 'அல்ககோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்கின்றனர். 1950இல் அவர் இறக்கும் வரை மீண்டும் தொடவில்லை. பின்னர் இருவரும் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்த மூன்றாமவரைத் தேடிச் சென்றனர். இன்று நூற்றெண்பது நாடுகளளவில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பர். பெயர்ப் பதிவு இல்லாத அமைப்பாகலின் இது மதிப்பீடேயாம். இந்தியாவில் 1957இல் வேர்கொண்டது. சென்னையிலோ, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் நிறுவிய சிகிச்சை நிலையம் மருத்துவத்தையும் இத்தகைய கூட்டத்தையும் குடும்பத்தார்க்கான பயிற்சியையும் ஒன்றாகக் கட்டியது.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1840இல் பால்ற்றிமோர் நகரத்துத் தவறணை ஒன்றிலே குடித்துக்கொண்டிருந்த அறுவர், இனிக் குடியோம் என்று தமக்குள் ஒப்பந்தம் செய்து, ஜோர்ஜ் வாசிங்ரனின் பெயரால் ஒரு சங்கம் நாட்டினர். இலட்சக்கணக்கானோர் சேர்ந்தனர், 1842இல் ஆபிரகாம் லிங்கன் அச்சங்கத்தின் கிளையொன்றிற் சொற்பொழிவாற்றினார். பின்னர் அரசியலும், மதுவிலக்குச் சட்டம் பற்றிய சண்டையும் உட்புகச் சில ஆண்டுகளிற் கலைந்து போயிற்று. அக்றன் வழியினர் இதனை அறிந்துகொண்டபின், பொது விவகாரங்களில் எமக்குக் கருத்தில்லை என்பதைத் தம் மரபாகவே வகுத்துக்கொண்டனர். பணத்திலும் அவ்வாறே. ஜோன் டி. றொக்பெல்லரின் மகனிடம் ஐம்பதாயிரம் டொலர் எதிர்பார்த்துச் சென்றவர்க்கு அவர் ஐயாயிரமே கொடுத்தார். பணம் மிகுந்தால் இது கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. செல்வர் பலருள் அக்கருத்துடையார் அரியர்.

எங்கள் தேடல் எளிதாக இருக்கவில்லை. பாலையூற்றிலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ சென்றடையத்தக்க தொலைவில், தமிழில் நடைபெறும் கூட்டம் எதுவும் எங்களுக்கு அகப்படவில்லை. கொழும்பில் உண்டு என்று அறிந்து, ஓரிரவு பஸ்ஸிற் பயணஞ் செய்து இருவரும் சென்றோம். இடத்தைக் கூறேன்; அங்கே கண்டோரின் அடையாளங்களையும் கூறேன். அது அவர்கள் என்பால் வைத்த நம்பிக்கை.

அக்கூட்டங்கள் இருவகைப்படும். குடிநோயாளர் மாத்திரம் இருப்பது மூடிய கூட்டம். அறிய விரும்புவோரும் உறவினரும் இருக்கக்கூடியது திறந்த கூட்டம். முதலில் நடந்தது மூடியது. வாயிலில் நின்ற முதியவர் என்னை நோக்கி, "நீங்கள் குடிப்பவரா?" என்று கேட்டார். இல்லையென்றேன். "அப்படியானால் மன்னியுங்கள்" என்று கதவைச் சாத்தினார். குடியாதவன் என்ற காரணத்தால் ஓரிடத்திலிருந்து யான் விலக்கப்பட்டது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை. முற்றத்து மரநிழலில் ஒரு மணிநேரம் இருந்தேன். உள்ளே சிரிப்பொலி கேட்டது. அதனை யான் எதிர்பார்த்திருக்கவில்லை. அழுகையும் கேட்டது.

மாலையில் நடந்த திறந்த கூட்டத்திற்கு என்னையும் அழைத்தனர். பிளாஸ்ரிக் கதிரைகள் வட்டமாக இடப்பட்டிருந்தன. பிளேன்ரீ கொடுத்தனர். தலைவர் என்று ஒருவர் இல்லை. அன்றைக்கு நடத்துபவர் ஒருவர் இருந்தார். எழுந்தவர் ஒவ்வொருவரும் தம் பெயரின் ஒரு பகுதியை மட்டும் கூறி, தாம் குடிநோயாளர் என்று சொல்லித் தொடங்கினர். குடியாமல் இருபது ஆண்டு கழித்தவரும் 'குடிநோயாளராக இருந்தேன்' என்னாது 'இருக்கிறேன்' என்றே கூறினார். இலக்கண ஆசிரியனாகிய எனக்கு அந்நிகழ்காலம் ஆழமாகப் பட்டது. அவர்கள் எண்ணுவது ஆண்டையன்று, நாளை. இன்றைக்கு மட்டும் குடியேன்; நாளைக்கு நாளை பார்ப்போம் என்பது முறை. ஒருவர் தம் மகளின் காதணியை அடகு வைத்த கதையைச் சொன்னார். இன்னொருவர் தாயின் இறுதிச் சடங்கிற்குத் தம்மாற் போக முடியாமற் போனதைச் சொன்னார். எவரும் இடைமறிக்கவில்லை, ஆறுதல் கூறவில்லை, இப்படிச் செய்திருக்கலாமே என்று சொல்லவில்லை. பேசி முடிந்ததும் நன்றி கூறினர், அடுத்தவர் பேசினார். நம்மவர் கூட்டமொன்றில் ஒருவர் துன்பத்தைச் சொல்ல மற்றவர் வாய்மூடி இருத்தல் எத்துணை அரிது என்பதைப் பாடசாலை ஆசிரியர் கூட்டத்தில் இருந்தோர் அறிவர்.

முடிவில் ஒரு சிறு பை சுற்றி வந்தது. யானும் சட்டைப்பையிற் கைவைத்தேன். பக்கத்திலிருந்தவர் என் கையை மெல்லப் பற்றி, "நீங்கள் போட வேண்டாம் ஐயா, இது எங்கடை செலவு" என்றார். வெளியார் பணத்தை ஏலாமை அவர்தம் மரபுகளுள் ஒன்று. இரத்தலும் ஈதலும் நிறைந்த நம் நாட்டில், மிகவும் தாழ்ந்தோராக ஊர் எண்ணும் ஒரு கூட்டத்தார் தம் தேநீர்ச் செலவைத் தாமே தருவோம் என்று கூறும் பெருமிதத்தைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தது.

அயலவர் அன்று பேசவில்லை. பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. துறைமுகத்தில் வேலை செய்தவராகலின் சிங்களம் அவருக்கு விளங்கும். ஆனால் விளங்குவது வேறு, உள்ளத்தைத் திறப்பது வேறு. பஸ்ஸில் திரும்பும்பொழுது, "ஐயா, அந்த முதற்படியைத் தமிழில் எப்படிச் சொல்லுறது?" என்றார்.

அவர்களுடைய படிகள் பன்னிரண்டு. 1939இல் வெளியான அவர்தம் நூலில் உள்ளன. மதுவின் முன் தமக்கு வலியில்லை என ஒப்புதல் முதலாவது. தம் குற்றங் குறைகளைக் கணக்கெடுத்தலும், அதனை மற்றொருவர்க்கு வாய்விட்டுக் கூறுதலும், தம்மால் துன்புற்றோரை எண்ணி இயன்றவரை ஈடு செய்தலும் இடையில் வருவன. தாம் பெற்றதைத் துன்புறும் மற்றொருவர்க்குக் கொண்டு செல்லுதல் இறுதியாவது. முதற்படியின் சொல்லை நாங்கள் நெடுநேரம் தேடினோம். 'வலுவிழந்தோம்' என்றேன், பாரந் தூக்குபவர்க்கு அது முதுகுநோவைக் குறிப்பதாய்ப் பட்டது. 'தோற்றோம்' என்றால் போட்டி போல இருந்தது. ஈற்றில் அகத்திணையின் 'ஆற்றாமை' கைகொடுத்தது. பிரிவைத் தாங்கமாட்டாத தலைவிக்கு உரிய சொல். விட்டுப் பிரியவும் முடியாமல், கூடியிருக்கவும் முடியாமல் தவிப்பவனுக்கும் அது பொருந்திற்று. "அதுதான் ஐயா, ஆற்றேலாது" என்று அவர் தம் பேச்சுமொழியில் மாற்றிக்கொண்டார். என் சொல்லிலும் அவர் சொல் சிறந்தது.

கடவுளைப் பற்றிய சொல்லிலும் ஓர் நுட்பம் உண்டு. அப்படிகளிற் கடவுள் வருகின்றார். ஆயினும் அவரவர் விளங்கிக்கொண்டவாறான கடவுள் என்றே வருகின்றார். சைவரும் கத்தோலிக்கரும் முசுலிம்களும் பௌத்தரும் ஒரு வீதியில் வாழும் திருகோணமலையில் இத்தொடர் இல்லாவிடின் நான்கு கூட்டம் வேண்டியிருக்கும். கடவுளே இல்லை என்பார்க்கு இதுவும் உவக்காது; அவர்க்குச் சமயச் சார்பற்ற வேறு கூட்டங்கள் உலகில் உள்ளன. எல்லார்க்கும் இதுவொன்றே வழி என்பார் கூற்றை யான் ஏலேன். மருந்தை ஒதுக்குக என்பாரையும் ஏலேன். பயன் உண்டோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறலாம். 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை உட்கொண்ட 27 ஆய்வுகளைச் சீர்தூக்கி, முற்றாகக் குடியாதிருத்தலைப் பொறுத்தவரை, இவ்வழியிற் செலுத்தும் சிகிச்சை ஏனைய நன்முறைச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று. சிலவிடத்து மேம்பட்டது என்று கண்டது.

அமைப்பின் பெயரிலேயே பெயரின்மை உள்ளது. பெருநகரில் அஃது எளிது. பாலையூற்றில் ஒருவர் எந்த வீட்டுக்குட் புகுந்தார் என்பதை மறுநாட் காலை சந்தை அறியும். ஒளித்துக் குடிப்போரை உள்ளூரார் உளவறிந்து நகுவர் என்று 927ஆம் குறள் கூறுகின்றது. குடிப்பவனை நகுதல் ஊரின் இயல்பு என்றால், குடியை விடப் போகின்றவனை நகுதல் அதனினும் பெரிய இயல்பாக இருக்கின்றது. "என்ன, சாமியார் ஆகப் போறியோ?" என்று கேட்டுக் குவளையை நீட்டுவோர் பகைவரல்லர், உடன் தொழில் செய்வோர். குடித்துத் தள்ளாடி வீதியால் வரக் கூசாத அவர், கூட்டத்துக்குப் போக முகத்தை மறைக்க நேர்ந்தது. நாணம் இடம் மாறி நிற்கின்றது. முசுலிம் சகோதரர் ஒருவர் இந்நோய்க்கு ஆளானால் அவர்க்கு இது இரட்டிப்பு.

மனைவிமாரின் நிலையும் தனியே பேசத்தக்கது. பில்லின் மனைவி லொயிஸ் அம்மையார் 1951இல் குடும்பத்தார்க்கென அல்-அனோன் என்னும் கூட்டத்தை மற்றொரு பெண்மணியோடு சேர்ந்து தொடங்கினார். அதன் கருத்து, குடியை நீ உண்டாக்கவில்லை. நீ தடுக்கவும் முடியாது. உன் வாழ்வை நீ பார் என்பதாம். அயலவர் மனைவிக்கு இதனைக் கொழும்பிற் கேட்டு வந்து சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "பதினெட்டு வருசமாய் அரிசிப் பானைக்குள்ளேயும் கூரை இடுக்கிலேயும் போத்தல் தேடினேன். இனித் தேடாமல் இருக்கலாமோ ஐயா?" என்றார். குடும்பத்தைக் கட்டிக் காப்பது பெண்ணின் கடன் என்று மேடைகளில் முழங்குவோர் அப்பெண்ணின் கேள்வியை ஒருமுறை கேட்டிருக்கவேண்டும்.

கொழும்புக்கு அடிக்கடி செல்லப் பணமும் இல்லை, விடுமுறையும் இல்லை. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் கைத்தொலைபேசி வழியாகவும் இக்கூட்டங்கள் பரவலாக நடக்கின்றன. தமிழகத்துத் தமிழ்க் கூட்டமொன்றில் அவர் இரவில் அமர்ந்து கேட்டார். முதன்முதலிற் பேசியதும் அங்கேதான், முகந்தெரியாத மதுரைக்காரரிடம். அது நன்றே. ஆயினும் கம்பியில்லாக் குரல் கதிரையாகாது. நான்காம் மாதத்தில் ஒரு கலியாண வீட்டிற் குடித்தார். மறுநாள் தொலைபேசியில் வழித்துணைவருக்குச் சொன்னார். அவர் கடிந்துகொள்ளவில்லையாம், "திரும்பி வந்தீர்களே, இன்றைக்கு முதல் நாள்" என்றாராம். அவரே இன்னொன்றும் கூறியிருக்கின்றார்: குடிநோயாளர் இருவரோ மூவரோ குடியாதிருத்தற்பொருட்டுக் கூடினால் அதுவே ஒரு குழு, எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. அக்றனிலும் இருவரேதான் இருந்தனர்.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், அஃதாவது 950ஆவது, நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறாக மருந்தைப் பகுக்கின்றது. உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகிருந்து இயற்றுவோன். ஏவலாள் என்று எளிதாகப் பொருள் கொண்டு கடந்து போகின்றோம். அவனைப் பற்றி ஒரு நூலும் எழுதப்படவில்லை. அவன் கூலியும் கேட்பதில்லை. இந்நோயில் அவ்விடத்துக்கு மற்றொரு நோயாளியே தகுதியுடையவன் என்பதும், அங்ஙனம் அருகிருத்தலே அவனுக்கும் மருந்தாகும் என்பதும் எந்த உரையாசிரியரும் கூறாதவை.

அயலவர் தம்மோடு முன்பு தவறணைக்குச் சென்ற ஒருவரை, சலவைத் தொழில் செய்பவர், தாமே தேடிச் சென்று அழைத்து வந்தார். சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இருவரும், யான் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் கொட்டகையில் அமர்கின்றனர். அதற்கு முன் வாங்குகளைத் துடைத்து, கரும்பலகையை அழித்துவிட்டு, யான் வெளியேறிவிடுவேன். அது மூடிய கூட்டம். ஏதனத்தில் தேநீர் வைத்திருப்பேன். அதன் விலையைக் கணக்குப் பார்த்து மேசையில் வைத்துவிட்டுப் போகின்றனர். ஊரார் கேட்டால் தமிழ் வகுப்பு என்று சொல்லுமாறு அவர்களே கூறினர். வளர்ந்தோர்க்கான தமிழ் வகுப்பென ஊரில் பெயராகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட பொழுது, படலையருகே ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, நல்ல உத்தியோகத்தர் என்பது நடையிலே தெரிந்தது. கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

"பண்டிதர் ஐயா வீடு இதுதானே? இங்கை சனிக்கிழமையிலே தமிழ் வகுப்பு ஒன்று நடக்குதாம்..."

என்னிலும் அவர் தமிழ் நன்கறிந்தவர் போலத் தோன்றினார். "ஓம் தம்பி, இப்பதான் தொடங்கினவை. உள்ளே போங்கோ" என்று கொட்டகையைக் காட்டினேன். உள்ளே கதிரை இழுக்கும் ஓசை கேட்டது.